பழைய பெட்ரோல் காருக்கு எந்த ஆயில்? அறிகுறியைப் பார்த்து முடிவெடுக்கும் வழி

மாருதி 800, ஆம்னி, ஜென், எஸ்டீம், பத்மினி, பெட்ரோல் அம்பாசடர் மாதிரி வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயில் கடையில் போய் நின்றால் ஒருவர், "பழைய எஞ்சின் சார், 20டபிள்யூ-50 ஊத்துங்க, சத்தம் அடங்கிடும்" என்பார். பக்கத்தில் நிற்பவர், "ஃபுல் சிந்தெடிக் போடுங்க, எஞ்சின் புதுசாயிடும்" என்பார். இரண்டு பேச்சுமே சில கார்களுக்குப் பொருந்தும், சில கார்களைக் கெடுக்கும். காரைப் பார்க்காமல் ஆயில் சொல்வதுதான் இதில் பிரச்சினை. பெட்ரோல் கலந்து நீர்த்துப்போன ஆயிலுக்கும், தேய்ந்துபோன பேரிங்குக்கும், கெட்டுப்போன ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சுக்கும் டாஷ்போர்டில் ஒரே சிவப்பு விளக்குதான் எரியும். கெட்டி ஆயில் ஊற்றினால் அந்த விளக்கு சில வாரம் அணைந்திருக்கலாம். உள்ளே கோளாறு பாட்டுக்கு வளரும்.

எந்த அறிகுறியானாலும், முதலில் ஒரு காரியம் செய்துவிடுங்கள்.

டிப்ஸ்டிக்கில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமமான தரையில் நிற்கும் காரில் டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, முழுதாகச் செருகி மறுபடி உருவுங்கள். இரண்டாவது முறை தெரிவதுதான் சரியான அளவு. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால் இப்போதைக்கு கிரேடு (20டபிள்யூ-50 மாதிரி எண்) பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் அளவைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து, முனையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். சுள்ளென்று பெட்ரோல் நெடி வந்தால் அதற்கென்று கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அப்புறம் ஒரு சொட்டு ஆயிலை வெள்ளை டிஷ்யூ பேப்பரிலோ மை ஒற்றும் தாளிலோ வைத்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். நடுவில் சாம்பல் கலந்த கறுப்பு, சுற்றிலும் மெல்ல மெல்ல வெளுத்துப்போகும் பழுப்பு வளையம் என்று பரவியிருந்தால், அழுக்கைத் தூக்கிச் சுமக்கும் சக்தி அந்த ஆயிலில் இன்னும் இருக்கிறது. நடுவில் மட்டும் தார் மாதிரி அடர்ந்து, ஓரம் வெட்டியதுபோல் நின்றுவிட்டால் ஆயிலின் ஆயுள் முடிந்தது. கறுப்புக்கு வெளியே நிறமில்லாத ஈர வளையம் அகலமாக ஓடியிருந்தால் பெட்ரோல் கலந்திருக்கலாம். ஆய்வுக்கூடச் சோதனை அளவுக்குத் துல்லியம் இதில் கிடைக்காது. ஆனால் பட்டறைக்குப் போகும் முன் கையில் ஒரு துப்பு இருக்கும்.

டப்பாவில் எழுதியிருப்பது

20டபிள்யூ-40 என்பதில் இரண்டாவது எண், எஞ்சின் சூடான பிறகு, அதாவது 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் குறிக்கும். 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை. ஒரே எண் போட்ட இரண்டு ஆயிலுக்கு நடுவிலேயே இவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். பிராண்டு மாற்றியதும் சத்தம் கூடியது, குறைந்தது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டபிள்யூ ஒட்டிய முதல் எண் குளிர்ந்த நிலைக்கானது. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் வைத்துச் சோதிக்கிறார்கள். ஊட்டியிலேயே அவ்வளவு குளிர் கிடையாது, அதனால் நமக்கு முதல் எண் தேவையில்லை என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. 25 டிகிரி காலையிலும் 10டபிள்யூ ஆயில் 20டபிள்யூவைவிட இளகலாக இருக்கும், கேம்ஷாஃப்டுக்குச் சீக்கிரம் ஏறும். எஞ்சின் தேய்மானத்தில் கணிசமான பங்கு குளிர்ந்த ஸ்டார்ட்டிலும் அதை ஒட்டிய சில நிமிடங்களிலும்தான் நடக்கிறது.

டப்பாவில் ஆயிலின் தரத்தைச் சொல்லும் ஏபிஐ எழுத்துகளில் எஸ் என்று ஆரம்பிப்பது பெட்ரோலுக்கு. மாருதி 800 வந்த 1983-ல் எஸ்எஃப் தான் புதுசு. இன்றைக்குக் கடையில் இருப்பது பெரும்பாலும் எஸ்எல், எஸ்என், எஸ்பி. புதிய எழுத்து பழைய எஞ்சினுக்கும் ஆகும், ஒரு விஷயத்தைத் தவிர. தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானத்தைப் புதிய ஆயில்களில் குறைத்துவிட்டார்கள், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடக் கூடாது என்பதற்காக. இந்த உச்சவரம்பு, அதாவது பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரி இளகிய கிரேடுகளுக்குத்தான். 40, 50 கிரேடுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் வால்வைத் திறக்க வைக்கும் கேமும் தட்டையான டேப்பட்டும் நேருக்கு நேர் உரசுகின்றன, அந்தச் சேர்மானம் அங்கே நிஜமாகவே தேவை.

சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்குகிறது

இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் எஞ்சின் போகும். காலையில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் ஓட்டி சிக்னலில் நிற்கும்போது சிவப்பு விளக்கு லேசாகத் துடிக்கும். ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணைந்துவிடும். (ஓடும்போதே விளக்கு நின்று எரிந்தால் இந்தக் கட்டுரையெல்லாம் அப்புறம்; உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.)

அளவும் வாசனையும் சரி என்றால், அடுத்த சந்தேகம் பிரஷர் ஸ்விட்ச் மேல். சாவியை ஆன் செய்துவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்விட்ச்சில் இருந்து ஒயரைக் கழற்றுங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் ஒயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது, ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒயர் நன்றாக இருந்தால் ஸ்விட்ச்சைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு எடுக்கும் அளவுதான் கணக்கு. 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேஜில் பிரஷர் சரியாக இருந்தால் ஸ்விட்ச்சை மட்டும் மாற்றினால் போதும், செலவு சொற்பம். பிரஷர் நிஜமாகவே குறைவு என்றால், இப்போது சம்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) என்ன கிரேடு இருக்கிறது என்று கேளுங்கள். புதிய கார்களுக்கு 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 எல்லாம் ஊற்றும் இடங்களில் பழைய வண்டிக்கும் கையில் இருந்த இளகிய ஆயிலை ஊற்றிவிடுவது நடக்கிறது. 30 கிரேடு இருந்தால் 40-க்குப் போங்கள். 40-ல் இருந்து 50-க்குப் போவதும் நியாயமே, குறிப்பாகச் சித்திரை வெயிலில் சென்னை நெரிசலில் நின்று நின்று ஓடும் வண்டிக்கு. ஆனால் 50-க்குப் போன பிறகும் கேஜ் ஏறவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கெட்டியாக்கும் பொடிகள், பாட்டில்கள் எதையும் ஊற்ற வேண்டாம். சம்பை இறக்கி ஸ்ட்ரெய்னரில் (ஆயில் பம்புக்கு முன் உள்ள சல்லடை) கசடு அடைத்திருக்கிறதா, ஆயில் பம்ப் தேய்ந்திருக்கிறதா, பேரிங் இடைவெளி எவ்வளவு என்று பார்க்க வேண்டிய கட்டம் அது. அந்த நிலையில் பேரிங் செட் மாற்றுவதோடு தப்பித்துக்கொள்ளலாம். தள்ளிப் போட்டால் கிராங்க்கையே எடுத்துக் கிரைண்டிங் கொடுக்க வேண்டி வரும்.

ஆயில் குடிக்கிறது, நீலப் புகை அடிக்கிறது

எப்போது புகை வருகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. யாரையாவது பின்னால் வேறு வண்டியில் வரச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ராத்திரி முழுக்க நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து, அப்புறம் நின்றுவிட்டால் வால்வ் ஸ்டெம் சீல். ஏற்காட்டில் இருந்து கியரிலேயே இறங்கி, அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் புகை கிளம்பினால் வால்வ் சீல் அல்லது வால்வ் கைடு. ஏறும்போதும் இழுத்து ஓட்டும்போதும் விடாமல் அடித்தால் பிஸ்டன் ரிங். புகை கறுப்பாக இருந்தால் அது கார்பரேட்டர் விஷயம். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாகத் தொடர்ந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ரிங்கா வால்வா என்று உறுதிப்படுத்த கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கிறது. முதலில் அப்படியே எடுத்து எழுதிக்கொண்டு, பிறகு ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். இரண்டாவது முறை நன்றாக ஏறினால் ரிங் பக்கம் கசிவு. ஏறாவிட்டால் வால்வ் பக்கம்.

ஆயில் என்ன செய்ய முடியும்? வால்வ் சீல் காய்ந்துபோயிருந்தால், பழைய எஞ்சினுக்கென்று விற்கும் ஹை மைலேஜ் ஆயில்களில் ரப்பரை மென்மையாக்கும் சேர்மானம் இருக்கும், ஓரளவு உதவலாம். கிழிந்த சீலை அது ஒட்ட வைக்காது. ரிங் கரி பிடித்து இறுகியிருந்தால், அழுக்கு நீக்கும் தன்மை அதிகமுள்ள 15டபிள்யூ-40 ஆயிலை, டப்பாவில் டீசலுக்கான சிஐ-4 உடன் பெட்ரோலுக்கான எஸ்எல் அல்லது எஸ்என் என்றும் சேர்த்து எழுதியிருப்பதாகப் பார்த்து, 1500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று இரண்டு மூன்று தடவை மாற்றிப் பார்ப்பேன். ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செலவுக்கு முன்னால் இதைச் செய்து பார்ப்பது வீண் போகாது. ரிங் தேய்ந்தே போயிருந்தால் 20டபிள்யூ-50 கொஞ்ச நாள் புகையைக் குறைக்கும், அவ்வளவுதான். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வ் அடைத்துக்கொண்டாலும் ஆயில் மேலே இழுக்கப்படும் என்பதால் முதலில் அந்தச் சின்ன வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வர வேண்டும்.

ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குடித்தால் பழைய எஞ்சினில் நான் கவலைப்பட மாட்டேன், கவனமாக டாப் அப் செய்துகொண்டு ஓட்டுவேன். அரை லிட்டரைத் தாண்டினால் வேலை பார்க்க வேண்டும்.

டிக் டிக் என்று டேப்பட் சத்தம்

மாருதி 800, பத்மினி, அம்பாசடர் எல்லாவற்றிலும் டேப்பட் இடைவெளியை ஸ்க்ரூ-நட்டைத் திருகித்தான் சரிசெய்ய வேண்டும். ஆகவே சூடான பிறகும் ஓயாத டிக் டிக் கேட்டால் ஆயில் மாற்றிப் பயனில்லை, ஃபீலர் கேஜ் வைத்து டேப்பட் செட் செய்யுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை டேப்பட் கவர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டால் துல்லியமாகத் தெரியும். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் துண்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் மட்டும் முதல் சில நொடி சலசலத்து அடங்கினால், ஃபில்டரைச் சந்தேகிப்பேன். நல்ல ஃபில்டருக்குள், நின்றிருக்கும்போது ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வ் இருக்கும். மலிவான போலியில் அது காகிதம் மாதிரி இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஃபில்டரை மாற்றியும் தொடர்ந்தால் 20டபிள்யூவில் இருந்து 15டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40-க்கு வாருங்கள்.

லோடில் ஏறும்போது அடியில் இருந்து கனமாக டொக் டொக் என்று வந்தால் அது கனெக்டிங் ராடு பேரிங். வண்டியை ஓட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஆயில் அளவு ஏறுகிறது, பெட்ரோல் வாசனை அடிக்கிறது

ஆயில் குறைந்தால் பயப்படுபவர்கள் கூடினால் சந்தோஷப்படுகிறார்கள். கூடுவதுதான் அதிக ஆபத்து. கார்பரேட்டர் வண்டிகளில் எஞ்சினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்புக்குள் ரப்பர் டயஃப்ரம் இருக்கிறது. அது கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயிலில் வடியும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே பழைய பம்ப் உள்ளவர்கள், எத்தனாலைத் தாங்கும் டயஃப்ரம் கிடைத்தால் முன்கூட்டியே மாற்றிவிடுவது நல்லது. சோக் முழுதாகத் திரும்பாமல் நிற்பது, கார்பரேட்டரில் நீடில் வால்வ் ஒழுகுவது, ஒரு ஸ்பார்க் பிளக் எரியாமல் இருப்பது ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

பெட்ரோல் கலந்த 20டபிள்யூ-50 சூட்டில் 30 கிரேடு மாதிரி நடந்துகொள்ளும். அதற்கு இன்னும் கெட்டி ஆயில் வாங்குவது காசை வடிகாலில் விடுவதுதான். கசிவை நிறுத்துங்கள், பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

சிந்தெடிக் ஊற்றிய பிறகு ஒழுக ஆரம்பித்தது

சிந்தெடிக் ஆயில் சீலைத் தின்றுவிடும் என்பது பழங்கதை. நடப்பது என்னவென்றால், காய்ந்து சுருங்கிய சீலைச் சுற்றி இத்தனை வருடமும் கசடு அடைத்துக்கொண்டிருந்தது. சுத்தம் செய்யும் தன்மை அதிகமுள்ள புது ஆயில் அதைக் கழுவிவிட்டது. ஒழுகலை நேரில் கண்டுபிடிக்க, எஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டு, அடியில் அட்டை விரித்து ஒரு ராத்திரி விடுங்கள். எப்போதும் மிக உயரத்தில் ஈரமாக இருக்கும் இடம்தான் ஆரம்பம், கீழே தெரிவது வழிந்து வந்தது. டேப்பட் கவர் கேஸ்கட், டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங், டிரெயின் பிளக் வாஷர் எல்லாம் மலிவான வேலை. பின்பக்க கிராங்க் சீலுக்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அதனால் அதற்கு முன் ஒரு ஆயில் மாற்றம் ஹை மைலேஜ் 40 கிரேடில் ஓட்டிப் பார்ப்பது சரியே.

1489 சிசி பெட்ரோல் அம்பாசடரில் இருப்பது பிரிட்டனின் பிஎம்சி பி-சீரீஸ் குடும்பத்து எஞ்சின். கிராங்க்கின் பின்பக்கத்தில் ரப்பர் சீலுக்குப் பதில், ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரைதான் (திருகு வடிவப் பள்ளம்) அதில். கொஞ்சம் சொட்டுவது அதன் இயல்பு. இளகிய ஆயில் ஊற்றினால் கூடுதலாகச் சொட்டும். அந்த வண்டிக்கு 20டபிள்யூ-50 என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

சீக்கிரம் கறுக்கிறது, மூடியில் பசை

புது ஆயில் ஆயிரம் கிலோமீட்டரில் கறுத்தால், அது பழைய அழுக்கைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆயிலைத் திட்டாமல் சீக்கிரம் மாற்றுங்கள். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் பசை தெரிந்தால் தண்ணீர் ஆவி. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், அதுவும் மழைக்காலத்தில், இது சகஜம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஹைவேயில் ஓட்டினால் மறையும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கட்.

மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றி எஞ்சினைக் கழுவும் வழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். கசடு கரையாமல் கட்டி கட்டியாகப் பெயர்ந்து ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும். அடியில் தேங்கும் மண்ணெண்ணெய் புது ஆயிலையும் நீர்க்க வைக்கும். கழுவ வேண்டுமென்றால் ஆயிலாலேயே கழுவுங்கள்: அடுத்தடுத்து இரண்டு முறை, 1000 கிலோமீட்டர் இடைவெளியில், ஃபில்டரோடு.

ஆயில் மாற்றிய பிறகு வண்டி மந்தமாக ஓடுகிறது

அளவு மேல் கோட்டைத் தாண்டிவிட்டதா பாருங்கள். அதிகமானால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். அளவு சரி என்றால், நல்ல நிலையில் உள்ள எஞ்சினுக்கு 50 கிரேடு போட்டிருக்கலாம், அப்படியானால் 40-க்குத் திரும்புங்கள்.

எந்தத் தொல்லையும் இல்லாத வண்டிக்கு

கையேட்டில் போட்டிருப்பதே முதல் பதில். அது கைவசம் இல்லாவிட்டால், என் தேர்வு இப்படி இருக்கும். பத்மினிக்கும் பெட்ரோல் அம்பாசடருக்கும் மினரல் 20டபிள்யூ-50. கார்பரேட்டர் மாருதிகளுக்கு, எஞ்சின் நன்றாக இருந்தால் 15டபிள்யூ-40, நிறைய ஓடித் தேய்ந்திருந்தால் 20டபிள்யூ-50. கார்பரேட்டருக்குப் பதில் எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர்) வந்த பிறகான 800, ஜென், சான்ட்ரோவுக்கு 10டபிள்யூ-40, எஸ்என் அல்லது எஸ்பி, செமி சிந்தெடிக் போதும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் துத்தநாகம் கூடுதலாகச் சேர்க்கும் பாட்டில்களைத் தொடவே வேண்டாம். பைக்குக்கான 4டி ஆயில் வழியில் அவசரத்துக்கு டாப் அப் செய்ய ஆகும். அதையே வழக்கமாக்க வேண்டாம், அது கிளட்ச்சும் கியரும் ஆயிலிலேயே ஊறும் எஞ்சினுக்காகச் செய்தது.

மினரல் ஆயிலை 5000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஓடாமல் நிற்கும் வண்டிக்கும் காலக் கணக்கு உண்டு. டப்பாவின் சீல், தயாரிப்புத் தேதி, பேட்ச் எண் மூன்றையும் கடையிலேயே பாருங்கள். காலி டப்பாவை அடியில் குத்திக் கிழித்துவிட்டுத்தான் குப்பையில் போடுங்கள், மறுபடி நிரப்பி விற்க அது போய்விடக் கூடாது.

புது ஆயில் ஊற்றியதும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து விளக்கு அணையும்வரை பொறுத்திருங்கள். ஐந்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அளவைப் பாருங்கள். ஃபில்டர் குடித்த ஆயில் அளவுக்குக் கோடு இறங்கியிருக்கும், அதை நிரப்புங்கள். டிரெயின் பிளக்கும் ஃபில்டரும் ஈரமில்லாமல் இருந்தால், கிரேடு, கிலோமீட்டர், தேதி மூன்றையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை "இப்ப என்ன ஆயில் ஓடுது?" என்று மெக்கானிக் கேட்டால் காட்ட அது போதும்.